பழைய புத்தகம்: கொடையா, கடையா, காகிதமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டைக் காலி செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணிலும் பீரோவிலும் என்னென்ன இருக்கும்? எண்பதுகளின் மாத நாவல்கள், பழைய பாடத்திட்டத்துப் புத்தகங்கள், டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகள், விண்டோஸ் 98 கற்றுக்கொடுக்கும் புத்தகம், தங்க எழுத்து பொறித்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம், நண்பர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கவிதைத் தொகுப்புகள், கும்பாபிஷேக மலர்கள், வார இதழ்த் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த கட்டுகள். சொந்தபந்தம் எல்லாம் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போயாயிற்று. மிச்சத்தைக் கேட்பாரில்லை.

இந்த மிச்சத்துக்கு இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும், ‘இது வேறு எங்கேயாவது இருக்குமா?’ என்று கேளுங்கள். இருக்கும் என்றால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இருக்காது என்று தோன்றினால் அதற்காக நாலு பேரிடம் விசாரிக்கலாம், அலையலாம். அட்டையின் அழகும் வாங்கிய விலையும் இதில் உதவாது. பார்வைக்குப் பெரிதாக இருப்பவைதான் பெரும்பாலும் ஊரெல்லாம் கிடைப்பவை.

முதலில் பழைய புத்தகக் கடை. சென்னை என்றால் மூர் மார்க்கெட். 1985இல் பழைய கட்டடம் தீக்கிரையான பிறகு கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. கோவை என்றால் உக்கடம். வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிப்பதில் இந்தக் கடைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த சோவியத் தமிழ்ப் புத்தகங்கள், ஓவியங்களோடு பைண்டு செய்த தொடர்கதைகள் ஆகியவற்றைப் பார்த்தாலே அவர்கள் முகம் மாறும். அதற்கெல்லாம் தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டுத் தேர்வு வழிகாட்டி என்றாலும் எடுப்பார்கள். கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தொடவே மாட்டார்கள். பிரிட்டானிக்காவே 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. இடத்தை அடைக்கும் அந்தத் தொகுதிகளை வாங்கி யாருக்கு விற்பது?

விலையை மொத்தமாகத்தான் சொல்வார்கள், அது குறைவாகவும் இருக்கும். ஆனாலும் நான் முதலில் இவர்களைத்தான் கூப்பிடச் சொல்வேன். காசுக்காகச் சொல்லவில்லை. அவர்கள் எடுத்துப்போகும் புத்தகம் நிச்சயமாக வாசகர் கைக்குப் போகும். மற்ற எந்த வழியிலும் அந்த உறுதி இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் பார்ப்பது விலைபோகுமா என்பதை. விலைபோகாததிலும் அரியது இருக்கும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இணையத்தில் விற்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படம் எடுக்க வேண்டும், விவரம் எழுத வேண்டும், கேட்பவருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். நல்ல விலை போகக்கூடிய சிலவற்றுக்கு மட்டும் இந்தப் பாடு தகும். காசு வாங்காமல் புத்தகம் அனுப்ப நினைப்பவர்களுக்கு அஞ்சல் துறையின் ‘ஞான போஸ்ட்’ உதவும். 2025 மே மாதம் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும். தென்காசியில் ஒருவர் ஒரே ஒரு புத்தகத்தைக் கேட்கிறார் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஐந்நூறு புத்தகத்தைத் தீர்க்க இது வழியாகாது.

அடுத்தது நூலகம். ‘கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. நூலகர் தயங்கினால் நமக்குக் கோபமும் வருகிறது: இலவசமாகத் தருகிறோம், வாங்கிக்கொள்ளக் கூடாதா? அவர் இடத்தில் நின்று பாருங்கள். உள்ளே வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பகுப்பெண் எழுத வேண்டும், அலமாரியில் இடம் காட்ட வேண்டும், இருப்பு சரிபார்க்கும்போது கணக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை பதிவாகிவிட்டால் அது அரசுச் சொத்து. கிழிந்தாலும் பூச்சி அரித்தாலும் அவர் இஷ்டத்துக்குக் கழித்துவிட முடியாது. நாம் விட்டுவிட்டு வரும் மூட்டை அவருக்குப் பல ஆண்டு வேலை. பல கிளைகள் சிறிய வாடகை இடங்களில் நடக்கின்றன. அங்கே விண்டோஸ் 98 புத்தகம் ஏறினால், ஒரு பள்ளிப் பிள்ளை தேடி வரும் புத்தகத்துக்கு அந்த இடம் இல்லாமல் போகும்.

ஆகவே நூலகத்துக்குக் கொடுக்க நினைத்தால் முதலில் பட்டியல் கொடுங்கள், புத்தகம் பிறகு போகட்டும். கடந்த சில ஆண்டுகளில் வந்த நாவல், சிறுவர் நூல், வரலாறு, நடப்புத் தேர்வுக்கான நூல் என்றால் மகிழ்ச்சியோடு வாங்குவார்கள். மற்றதற்கு இல்லை என்றால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். நூலகத்துக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் இருந்தால், ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரலாம். ஒரு பெட்டி பழைய புத்தகத்தைவிட அந்த ரூபாய் அந்த ஊருக்கு அதிகம் பயன்படும்.

அப்புறம் குழந்தைகள் இல்லம், பள்ளி, சிறை. இங்கேதான் எனக்கு மனம் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத இடங்கள் இவை. நன்கொடை கொடுப்பவரைப் பகைத்துக்கொள்ள எந்த இல்ல நிர்வாகியும் விரும்ப மாட்டார். வாங்கி அடுக்கிவிட்டு, நாம் போன பிறகு எடைக்குப் போடுவார். பழைய பாடப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் தொடங்கிப் பாடநூல்கள் மாறின. அதற்கு முந்திய சமச்சீர் புத்தகம் இன்றைய பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு உதவாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை படம் போட்ட கதைப் புத்தகம், நல்ல அகராதி, உலக வரைபடம். நம் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கித் தரத் தயங்கும் புத்தகத்தை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

சிறை நூலகங்கள் வேறு மாதிரி. அவை தாமாகவே கேட்கின்றன. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு போட்டுக் கைதிகளுக்காக நூல்களைத் திரட்டியது. நேரம் நிறைய உள்ள வாசகர்கள் அவர்கள். பக்கம் முழுமையாக இருக்கும் நாவல், வாழ்க்கை வரலாறு, தொழில் கற்றுத்தரும் நூல் எல்லாம் அங்கே படிக்கப்படும். பிள்ளைகள் இல்லம், சிறை இரண்டில் பெரியவர்கள் படிக்கும் நல்ல நாவல்களை நான் சிறைக்குத்தான் அனுப்பச் சொல்வேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு தட்டு வைத்து ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிடுவதும் ஒரு வழி. இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம். மழைச்சாரல் படாத இடமாக இருக்க வேண்டும், மிச்சத்தை நாமே திரும்ப எடுக்க வேண்டும். பார்க் பெஞ்சில் விட்டுவிட்டு வருவதைக் கொடை என்று நான் எண்ணவில்லை. அதைத் தூய்மைப் பணியாளர்தான் அள்ள வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது அந்த அரியவை. கடைக்காரரும் நூலகரும் ஒதுக்கிய குவியலில்தான் இவை கிடக்கும்: கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை, யாரோ ஒரு தலைமையாசிரியர் தன் செலவில் அச்சிட்ட ஊர் வரலாறு, பழைய நாடகப் பாட்டுப் புத்தகம், திருமண வாழ்த்து மடல். 1954ஆம் ஆண்டின் சட்டப்படி பதிப்பாளர்கள் புதிய நூல்களின் பிரதியைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லோரும் ஒழுங்காக அனுப்புவதில்லை என்றாலும், பெயர் தெரிந்த பதிப்பகத்தின் நாவல் அங்கே இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. ஊரில் முந்நூறு பிரதி அடித்து விருந்தினருக்குக் கொடுத்த மலர் அங்கே போயிருக்க வாய்ப்பு குறைவு. அந்த ஊரின் குளத்தை வெட்டியது யார், பள்ளிக்கு நிலம் கொடுத்தது யார் என்பது அதில் மட்டுமே இருக்கக்கூடும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இதைப் புரிந்துகொண்டவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் குப்பை என நினைத்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகமும் இப்படி ஒரு தனிமனித முயற்சிதான். இலங்கையில் அச்சான தமிழ் நூலோ இதழோ வீட்டில் இருந்தால், 2005 முதல் அவற்றை மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தைக் கேட்கலாம்.

இவர்களுக்கும் மூட்டையாக அனுப்பக் கூடாது. தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, உங்களிடம் இது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் மட்டும் புத்தகத்தை அனுப்பலாம்.

ஆவணக் காப்பகம் எடுக்காதவற்றை நாமே ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்த பிறகுதான் பதிப்புரிமை விலகும். அப்படிப்பட்ட நூல்களையும் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களையும் தயங்காமல் ஏற்றலாம். எழுதியது உங்கள் தாத்தாவாக இருந்தால், உரிமை குடும்பத்தில் இருக்கும்வரை நீங்களே கூடி முடிவெடுக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஏற்கெனவே நிறைய ஏற்றி வைத்திருக்கின்றன. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியம்கூட இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்கேன் செய்ய உட்காரும் முன் அங்கெல்லாம் ஒருமுறை தேடிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது பெரும் குவியலாகத்தான் இருக்கும். அதற்குப் பழைய பேப்பர் கடைதான் என்பது என் உறுதியான கருத்து. இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். புத்தகம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். எடைக்குப் போடுவதைவிட எரித்துவிடலாம், ஆற்றில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

அந்த வழியில் நாம் ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறோம். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன உ.வே.சா.வுக்கு, சிதைந்த ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோம குண்டத்தில் இட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதையையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதைச் செய்தவர்கள் ஏட்டை மதித்தவர்கள்தாம். படித்துப் பார்த்துப் பிரித்தெடுக்க ஆள் இல்லாமல் போனதே குறை. பிரித்துப் பார்த்த பிறகு மிஞ்சிய, ஆயிரக்கணக்கில் அச்சான தேர்வு வழிகாட்டியை எடைக்குப் போடுவதில் எந்த அவமதிப்பும் இல்லை. போகிக்கு எரித்தால் காற்று கெடும், அவ்வளவுதான். கடைக்குப் போனால் அது கூழாகி மறுபடி அட்டையாகவோ தாளாகவோ வரும். அந்தக் கடையில் தாள் பிரிக்கும் ஆட்களுக்கு அது கூலியும் தரும்.

விலையில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் செய்தித்தாளை விடக் கொஞ்சம் குறைத்தே சொல்வார்கள். கெட்டி அட்டையையும் பிளாஸ்டிக் உறையையும் கிழித்துத் தனியே கொடுத்தால் கூழாக்குவது எளிது. பூஞ்சை பிடித்ததையும் இராமபாணப் பூச்சி ஏறியதையும் தனிக் கட்டாகக் கட்டுங்கள். அவற்றை எந்த நூலகத்துக்கும் நண்பருக்கும் கொடுக்க வேண்டாம், பூச்சி நல்ல புத்தகத்துக்கும் பரவும். சில கடைகளில் பக்கங்களைக் கிழித்துப் பொட்டலம் மடிக்க விற்பது உண்டு. உணவை அச்சிட்ட தாளில் மடிப்பது உடலுக்குக் கேடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. ஆகவே ஆலைக்கு அனுப்பும் கடையா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தராசில் ஏற்றும் முன் ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறிவிடுங்கள். கடிதம், புகைப்படம், வரி ரசீது, பத்திர நகல் என்று எது வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். முகவரியும் அடையாள அட்டை நகலும் இருந்தால் எடுத்துவிடுங்கள். உள்பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்து இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியே வைத்து, பழைய புத்தகக் கடைக்காரரிடம் இன்னொரு முறை காட்டுங்கள்.