பெல்ஜியம் ஆறு நாள் பஸ் சுற்றுலா: லூவனுக்கு அரை நாள் கேட்டு வாங்குங்கள்

வைகாசியில் நானும் அவரும் பெல்ஜியத்துக்குப் போய் வந்தோம். யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு பயண முகவர் கூட்டிக்கொண்டு போன குழு, மொத்தம் 27 பேர், ஆறு நாள் பஸ் பயணம், பழைய ஊர்களைப் பார்ப்பதுதான் நோக்கம். திரும்பி வந்த நாளிலிருந்து கோயிலடியிலும் சந்தையிலும் ஆட்கள் மறித்து விபரம் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் நல்லது கெட்டது இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன். முகவரின் பெயரைப் போடவில்லை. யாரோடு போனாலும் எதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் காசு. ஆளுக்கு ஒன்பதரை இலட்சம். விமானம், விசா, ஹொட்டேல், பஸ், காலைச் சாப்பாடு, நான்கு இரவுச் சாப்பாடு அதற்குள் வரும். மத்தியானச் சாப்பாடும் நுழைவு ரிக்கெற்றுகளில் பாதியும் எங்கள் கையிலிருந்து. விசா வேலையில் முகவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும், வங்கிக் கணக்கு, ஓய்வூதியக் கடிதம், காணி உறுதி என்று ஒரு கோப்பு நிறையக் காகிதம் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்து, வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போய், அன்றிரவே வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். ஒருவருக்கும் விசா மறுக்கப்படவில்லை.

நாடு சின்னது, இலங்கையில் பாதிகூட வராது. பிரசல்ஸிலிருந்து புரூஜுக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர், எங்களுக்கு வவுனியா அதைவிடத் தூரம். அதனால் கென்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரே ஹொட்டேலில் ஐந்து இரவும் தங்க வைத்து, காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி ஒழுங்கு செய்திருந்தார்கள். இது மிக நல்ல யோசனை. தினமும் பெட்டி கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை, உடம்புக்கு ஏலாதவர்கள் ஒரு நாள் போகாமல் அறையில் படுத்திருக்கலாம், எங்களோடு வந்த இரண்டு அக்காமார் அப்படி இருந்தார்கள்.

பஸ் நல்ல பஸ். சாரதி அந்த நாட்டுக்காரர், அதிகம் கதைக்காத மனிதர், ஆனால் முழங்கால் ஏலாதவர்கள் இறங்கும்போது ஒவ்வொரு தரமும் படிக்குக் கீழே வந்து நின்று கை கொடுப்பார். நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும், ஒரு நாள் வேலை முடிந்தால் வழமையாக 11 மணித்தியாலம் ஓய்வு எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம். நான்காம் நாள் இரவு பத்தேகாலுக்குத்தான் ஹொட்டேலுக்கு வந்து சேர்ந்தோம், அதனால் ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்குத்தான் பஸ் வெளிக்கிட்டது. சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரி என்றே பட்டது. கண்டி வீதியில் விடியப்புறம் சாரதி நித்திரையாகி நடந்த விபத்துகளை எத்தனை கேட்டிருக்கிறோம்.

வழிகாட்டியாக வந்த தம்பி அன்ட்வேர்ப்பில் வளர்ந்தவர், தாய் தகப்பன் தீவகத்து ஆட்கள். எங்கள் தமிழையும் அந்த ஊர் டச்சு மொழியையும் ஒரே மாதிரிக் கதைத்தார். மெக்கெலனில் ஒரு தெருவால் நடந்து போகும்போது ஒரு கதவில் பித்தளைத் தகடு மினுங்கியது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அட்வொகாட்டன் கந்தோர்" என்று வாசித்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்புக்காத்துக் கந்தோர், சட்டத்தரணி அலுவலகம்! கச்சேரியில் 31 வருடம் வேலை செய்தவள் நான், அம்மா தினமும் காலையில் "பிள்ளை, கந்தோருக்கு நேரமாச்சு" என்றுதான் எழுப்புவா. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795 வரை இருந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், விட்டுப்போன சொல் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, அந்தச் சொல் இன்னொரு நாட்டில் இன்றைக்கும் ஒரு வீட்டுக் கதவில் வேலை செய்துகொண்டிருப்பதைக் காண்பது வேறு. மெக்கெலனில் பெரிய தேவாலயக் கோபுரமும், மணி வாசிக்கப் படிப்பிக்கிற, 1922இல் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன, அதையும் பார்த்தோம், ஆனால் எனக்கு மெக்கெலன் என்றால் அந்தத் தகடுதான்.

ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுக்குத் தந்த தாளில் மலின், லூவான் என்று பிரெஞ்சுப் பெயர்கள், வீதிப் பலகையில் மெக்கெலன், லூவன் என்று டச்சுப் பெயர்கள். இரண்டும் ஒரே ஊர் என்று முதலே சொல்லியிருந்தால் பின் சீற்றில் இருந்தவர்கள் பதறியிருக்கத் தேவையில்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு மெய்யாகவே கோபம். அந்த நாட்டில் உருளைக்கிழங்குப் பொரியல் பேர்போனது, சந்திக்குச் சந்தி கடை, மலிவு, சூடு, எங்கள் குழுவில் இருந்த எட்டுச் சைவக்காரரும் முதல் இரண்டு நாளும் மத்தியானம் அதைத்தான் சாப்பிட்டார்கள். பாரம்பரியமாக அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிய வந்தது, அதுவும் கடைக்காரர் ஒருவர் தானாகச் சொல்லி. கோண்டாவிலில் இருந்து வந்த ஒரு ஐயா, 40 வருடமாக மச்சம் மாமிசம் தொடாதவர், கையில் இருந்த கடதாசிக் கூம்பை மெல்ல மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அன்றிரவு அவர் சாப்பிட வரவில்லை. தம்பிக்கு இது தோன்றாமல் போனதை நான் பெரிதாக எடுக்கவில்லை, அவர் இளம் பிள்ளை, ஆனால் சைவக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிற முகவர் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மரக்கறி எண்ணெயில் பொரிக்கிற கடைகளும் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். தயவுசெய்து கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கழிப்பறைக்குப் பல இடங்களில் காசு கட்ட வேண்டும், சில்லறையை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

கென்ட்டில் வான் ஐக் சகோதரர் வரைந்து 1432இல் முடித்த பலிபீட ஓவியத்தைப் பார்த்தோம். அதில் ஒரு பலகையை 1934இல் திருடிவிட்டார்கள், இன்றுவரை அகப்படவில்லை, அந்த இடத்தில் இருப்பது பிரதி. ஓவியத்தில் உள்ள புல்லும் பூவும் ஒவ்வொன்றும் தனித்தனியாக உயிரோடு இருக்கின்றன, கிட்டப் போய்ப் பாருங்கள்.

புரூஜ் எல்லாரும் படத்தில் பார்க்கிற ஊர், வடிவுதான், ஆனால் அங்கேதான் நேரம் மிக மோசமாகப் போனது. "அதிகம் நடக்கத் தேவையில்லை" என்று தாளில் போட்டிருந்தார்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டும், அங்கிருந்து சந்தைச் சதுக்கத்துக்குப் பெரியவர்கள் நடந்தால் அரை மணி நேரம், வழி முழுக்கக் கல் பாவிய தெரு. செருப்போடு வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல, அடி தடித்த சப்பாத்து இல்லாமல் போகாதீர்கள். வழியில் 1245இல் தொடங்கிய பெகினாஜ் என்ற பெண்கள் மடம், வெள்ளை அடித்த வீடுகள் சுற்றிவர, நடுவில் உயர்ந்த மரங்கள், அவ்வளவு அமைதி. அங்கே பத்து நிமிடம். அப்புறம் ஒரு சொக்கிலேற் கடையில் ஒன்றரை மணித்தியாலம்! மைக்கலாஞ்சலோ செதுக்கிய மாதா சிலை இருக்கும் தேவாலயத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பூட்டிவிட்டார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே இத்தாலியை விட்டு வெளியே போன சிலை அது, நாங்கள் கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். மணிக்கோபுரத்துக்கு 366 படி, எங்களில் நான்கு பேர்தான் ஏறினார்கள். ஏறாதவர்கள் கீழே இருந்து மணிச் சத்தத்தைக் கேட்டோம், நல்லூர் மணி மாதிரி ஊர் முழுக்கக் கேட்கிறது.

நான்காம் நாள் இரவு பிந்தியதற்குக் காரணம் ஈப்பர். முதலாம் உலகப் போரில் தரைமட்டமான ஊர், பழைய துணிச் சந்தை மண்டபத்தை முன்பு இருந்த மாதிரியே திருப்பிக் கட்டி முடிக்க 1967 ஆகிவிட்டது. பார்த்தால் பல நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிற ஊர் என்றுதான் நினைப்பீர்கள். உடல் கிடைக்காத 54,000க்கு மேற்பட்ட படைவீரர்களின் பெயர்கள் மெனின் வாயில் என்ற நினைவு வளைவில் வெட்டியிருக்கின்றன, இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. தினமும் இரவு எட்டு மணிக்குத் தெருவை மறித்து அதன் கீழே எக்காளம் ஊதுகிறார்கள், 1928இல் தொடங்கிய வழக்கம், ஊதுபவர்கள் அந்த ஊர்த் தீயணைப்புப் படையில் உள்ளவர்கள். அந்த நேரத்திலும் வெளிச்சம் இருந்தது. பிள்ளையைத் தேடித் திரிந்த ஒரு தாய் எங்கள் குழுவில் இருந்தா. எக்காளம் நின்ற பிறகும் அவ சுவரில் இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டு நின்றா, நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இரவு பிந்தினாலும் பரவாயில்லை, இதை நிரலில் இருந்து எடுக்க விடாதீர்கள்.

இனி லூவன். அது இரண்டாம் நாள் மத்தியானம், கடைசியில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

1425இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். 1914 ஓகஸ்ட் 25 இரவு ஜேர்மன் படை அதன் நூலகத்துக்கு நெருப்பு வைத்தது, மூன்று இலட்சம் அளவில் புத்தகங்களும் பழைய கையெழுத்துப் பிரதிகளும் சாம்பல். போர் முடிந்து எழுதிய வேர்சாய் ஒப்பந்தத்திலேயே ஜேர்மனி அந்த நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு போட்டார்கள். அமெரிக்க மக்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் புதுக் கட்டடம் 1928இல் திறந்தது. 1940 மே மாதம் அதுவும் எரிந்தது, இந்த முறை ஒன்பது இலட்சம் புத்தகங்கள். திரும்பவும் அதே மாதிரிக் கட்டினார்கள். பிறகு மொழிப் பிரச்சினையில் பல்கலைக்கழகமே 1968இல் இரண்டாகப் பிரிந்தபோது, புத்தகங்களின் இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பங்கு பிரித்தார்கள்.

தம்பி மைக்கில் இதைச் சொல்லச் சொல்ல பஸ்ஸுக்குள் கதை நின்றுவிட்டது. எங்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 மே 31 இரவை ஊரிலேயே இருந்து கண்டவர்கள். எனக்கு அப்போது 20 வயது. விடிய முற்றம் கூட்டப் போனபோது கருகிய கடதாசித் துண்டுகள் மல்லிகைப் பந்தலில் ஒட்டியிருந்தன, ஒன்றில் அச்செழுத்து இன்னும் தெரிந்தது, தொட்டவுடன் உதிர்ந்துவிட்டது. 97,000 புத்தகங்களில் ஏதோ ஒன்றின் பக்கம்.

இந்த இடத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது 35 நிமிடம். நகர மண்டபத்துக்கு முன்னால் படம் எடுப்பதிலும் பியர்க் கடையிலும் மிச்சம் போய்விட்டது. கட்டடத்தின் சுவர்க் கற்களில், காசு கொடுத்த அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள், பல்கலைக்கழகங்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. வண்ணார்பண்ணையில் இருந்து வந்த கணக்கு மாஸ்ரர் ஒருவர், வயது 79, ஒவ்வொரு கல்லாகக் கையை வைத்துத் தம்பியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார். "என்ர அப்பா குடுத்த புத்தகங்களும் எங்கட நூலகத்துக்குள்ள இருந்தது தம்பி. பேர் எழுதிக் குடுத்தவர்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி சொன்னபோது, "இன்னும் ஒரு பத்து நிமிசம் தாரும்" என்று கேட்டார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரதிக்கு ரெலிபோன் எடுத்தார். வாசிப்பு மண்டபத்தை நான் வாசலில் நின்று மட்டும் பார்த்தேன், மரத் தட்டுகள், நீள மேசைகள், தலை நிமிராமல் படிக்கிற பிள்ளைகள். கோபுரத்தில் ஏறவும் உள்ளே இருந்து பார்க்கவும் ரிக்கெற் இருக்கிறது, அதற்கு எங்களுக்கு நேரம் இல்லை.

அடுத்த குழு புரட்டாதியில் போகிறதாம். முகவரிடம் நானும் மாஸ்ரரும் நேரே போய்ச் சொல்லிவிட்டோம், சொக்கிலேற் கடையை அரை மணித்தியாலமாகக் குறையுங்கள், லூவனுக்கு அரை நாள் விடுங்கள், நூலக ரிக்கெற்றையும் காசுக்குள் சேருங்கள் என்று. "பார்ப்போம் அக்கா" என்றார். பதிகிறவர்கள் முற்பணம் கட்டுவதற்கு முன் அதை நிரலில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், பத்துப் பேர் கேட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும்.