ஹாஷ் வைத்துக் கோப்பை அடையாளம் காண: என்எஸ்ஆர்எல்லா, வைரஸ்டோட்டலா?

ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் லட்சக்கணக்கான கோப்புகளில் எது விண்டோஸோடு வந்தது, எது யாரோ போட்டது என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) எடுத்தாயிற்று, சரி, அதை எங்கே தேடுவது? என்எஸ்ஆர்எல் என்பது அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் வெளியிடும், தெரிந்த மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் பட்டியல். வைரஸ்டோட்டல் என்பது கோப்புகளைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதிக்கும் இணையதளம்.

செலவு: இரண்டும் இலவசம். ஆனால் வைரஸ்டோட்டலின் இலவச ஏபிஐயில் (நிரல் மூலம் தேடும் வழி) நிமிடத்துக்கு 4, நாளுக்கு 500 தேடல்தான். என்எஸ்ஆர்எல் பட்டியலை இறக்கி வைத்துவிட்டால் வரம்பே இல்லை, டிஸ்க்கில் இடம்தான் நிறைய வேண்டும்.

ரகசியம்: என்எஸ்ஆர்எல் இணையமே இல்லாமல் ஓடும். வைரஸ்டோட்டலில் ஹாஷை மட்டும் தேடினால் கோப்பு வெளியே போகாது, ஆனால் கோப்பையே ஏற்றினால் அது மற்றவர்கள் கைக்கும் போகலாம், அதனால் வழக்கு சம்பந்தப்பட்டதை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கிடைக்கும் பதில்: இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். என்எஸ்ஆர்எல்லில் இருந்தால் 'தெரிந்த கோப்பு' என்று மட்டுமே அர்த்தம், 'நல்ல கோப்பு' என்று இல்லை. ஹேக்கிங் கருவிகளும் அதில் உண்டு. வைரஸ்டோட்டலோ பல ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று காட்டும்.

முழு டிஸ்க்கை வடிகட்ட என்எஸ்ஆர்எல். அப்புறம் மிஞ்சும் சந்தேகக் கோப்புகளுக்கு வைரஸ்டோட்டல். எதில் தேடினாலும் ஷா-256 என்ற ஹாஷ் வகையை வைத்தே தேடுங்கள், எம்டி5 என்ற பழைய வகையில் ஒரே ஹாஷ் வரும் இரண்டு வேறு தரவுகளை 2004-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.