மின்சுற்றுப் பெட்டி: வாங்கலாம், கிளிப்பில் கவனம்

தென்னாப்பிரிக்காவில் 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் செய்தாக வேண்டிய மின்கல அகத்தடைச் (மின்கலத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை) சோதனைக்கு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் கடையில் கிடைக்கும் இந்தப் பெட்டி நன்றாகவே கைகொடுக்கிறது. 1.5 வோல்ட் மின்கலம், ரியோஸ்டாட் (நகர்த்தி மாற்றும் தடை), மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர், சுவிட்ச் எல்லாம் உண்டு.

ரியோஸ்டாட்டை நகர்த்தி ஆறு அளவீடுகள் எடுங்கள். வோல்ட்டை நிமிர்ந்த அச்சிலும் ஆம்பியரைக் கிடை அச்சிலும் குறித்தால் கோடு கீழே சரியும். 0.2 ஆம்பியரில் 1.40, 0.6 ஆம்பியரில் 1.20 வோல்ட் வந்தால் அகத்தடை 0.5 ஓம், கோட்டைப் பின்னுக்கு 0 ஆம்பியர் வரை நீட்டினால் மின்னியக்கு விசை (மின்னோட்டமே இல்லாதபோது மின்கலம் தரும் வோல்ட்) 1.50 வோல்ட். ஒவ்வொரு அளவீடும் முடிந்த கையோடு சுவிட்சை அணையுங்கள். இல்லாவிட்டால் மின்கலம் சூடேறி, வடிந்து, புள்ளிகள் கோட்டில் உட்காரவே உட்காராது.

முதலைக் கிளிப்புகள்தான் மட்டம், பிடிப்பே இல்லை. வோல்ட்மீட்டர் கம்பிகளை மின்கல முனைகளிலேயே நேராகப் பொருத்துங்கள். அப்போது கிளிப்பின் தடை அகத்தடைக் கணக்கில் ஏறாது. முள் வோல்ட்மீட்டரில் 0.05 வோல்ட் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, டிஜிட்டல் மல்டிமீட்டர் தனியாக வாங்கிவிடுங்கள்.