டர்பன் கடைக்காரருக்கு எந்த பேக்கப்: ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா?

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் கடை வைத்திருக்கும் நம் ஆட்களிடம் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால், முதலில் ஆன்டிவைரஸ் பெயரைத்தான் சொல்வார்கள். அது வேண்டியதுதான், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே சிறு கடைக்குப் பெரும்பாலும் போதும். நான் கேட்பது வேறு. நாளைக் காலை கடையைத் திறக்கும்போது கம்ப்யூட்டரே இல்லை என்றால், தீபாவளிக்குக் கடனில் புடவை எடுத்தவர்கள் யார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?

2021 ஜூலைக் கலவரத்தில் குவாசூலு-நட்டாலில் கடைகள் சூறையாடப்பட்டன, எரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது சைபர் தாக்குதல். டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை தடுமாறி, கையால் எழுதிப் பார்க்கும் நிலைக்கு வந்தது. 2022 ஏப்ரலில் வெள்ளம். ஒன்பது மாதத்துக்குள் நெருப்பு, வைரஸ், தண்ணீர் மூன்றையும் பார்த்த ஊர் இது. கலவரச் சேதத்துக்கு அரசின் சாஸ்ரியா இன்சூரன்ஸ் இருந்தால் கம்ப்யூட்டருக்குக் காசு கிடைக்கும். பாக்கிப் பட்டியல் கிடைக்காது. அதனால் எந்த பேக்கப்பையும், அதாவது கணக்கின் மறுபிரதியையும், இந்த மூன்றுக்கும் தாங்குமா என்று பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைப் பலருக்கும் பிடிக்கிறது. ஒருமுறை காசு கொடுத்தால் முடிந்தது, மாதக் கட்டணம் இல்லை, இன்டர்நெட் வேண்டாம். பழுதானால் ஒரு மணி நேரத்தில்கூட எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆனால் அது கடையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால், பில் பிரின்டருக்கு அடியில், வயர் கழன்றுவிடக் கூடாதென்று டேப் ஒட்டி வைத்திருப்பார்கள். “எப்பவும் மாட்டியேதான் இருக்கு, அக்கா” என்று ஒரு பூஜைச் சாமான் கடைத் தம்பி பெருமையாகக் காட்டினார். கவலையே அதுதான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் புகுந்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். நெருப்பும் வெள்ளமும் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும். திருடன் எடுத்துப்போனால் வாடிக்கையாளர்களின் பெயர், அடையாள எண் எல்லாம் வெளியே. அப்போது தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போபியா சட்டப்படி தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் அந்த வாடிக்கையாளர்களுக்கும் நீங்கள் தெரிவித்தாக வேண்டும். டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்யுங்கள், அது தெரியாமல் யாராலும் படிக்க முடியாது. விண்டோஸ் ஹோமில் அதற்கான பிட்லாக்கர் வசதி கிடையாது, வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசம்.

கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாக வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் வைப்பது, இதற்கு நேர் எதிர். கடை எரிந்தாலும் கணக்கு வேறெங்கோ பத்திரமாக இருக்கும். லோட்ஷெடிங்கில் மின்சாரம் போய் டிஸ்க் கெட்டாலும் அது கெடாது. ஆனால் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றுமே ஃபைல்களை ஒத்திசைத்து வைப்பவை. நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும். ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் அப்படியே மேலே ஏறும். காப்பாற்றுவது பழைய பதிப்புகள்தான். கூகுள் டிரைவ் சாதாரணமாக ஒரு ஃபைலின் பழைய பதிப்பை 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை வைத்திருக்கும். வரித்துறையோ 5 வருடத்துக் கணக்கைக் கேட்கலாம். பிப்ரவரிக் கடைசியில் வரி ஆண்டு முடிந்ததும் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் கிளவுட் இருந்தும் பயனில்லை.

அளவும் முக்கியம். கணக்கு ஃபோல்டர் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும், ஜிமெயிலும் போட்டோவும் அதை ஏற்கெனவே நிரப்பியிருக்காவிட்டால். கல்யாணப் போட்டோ எடுப்பவரின் 500 ஜிபியை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற நாலரை நாள் ஆகும், அதுவும் லைன் நிற்காமல் ஓடினால். இன்னொன்று: கிளவுட் கணக்கின் பாஸ்வேர்டு போனால் எல்லாமே போகும். எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பாதீர்கள், உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் மோசடி இங்கே சகஜம். போனிலேயே குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் ஆப் போடுங்கள்.

நாஸ் பெட்டி, அதாவது எல்லாக் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி, வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள அலுவலகத்துக்குச் சரி. ஒரு கல்லா உள்ள கடைக்கு வீண் செலவு. நெருப்புக்கும் வைரஸுக்கும் டிஸ்க் போலவே மாட்டிக்கொள்ளும்.

என் முடிவு இது. மளிகை, துணி, பூஜைச் சாமான் கடைகளுக்கு முதலில் கிளவுட், ஏனென்றால் தினமும் டிஸ்க்கைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. போட்டோ, பிரின்டிங் தொழிலுக்கு முதலில் இரண்டு டிஸ்க்: ஒன்று கடையில், மற்றது வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்கு மேல்மாடியிலேயே வீடு என்றால் அது கணக்கில் சேராது; அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். முடிந்தவர்கள் இரண்டையும் செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், பாஸ்டல் போன்ற கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது ஃபோல்டரை அப்படியே காப்பி எடுக்காதீர்கள், பாதியில் எழுதிய ஃபைல் திறக்காமல் போகலாம். எல்லோரும் வெளியேறிய பிறகு மென்பொருளின் பேக்கப் மெனுவிலேயே எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்று திறக்கிறதா, தொகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.