பிரிக்ஃபீல்ட்ஸ் சனிக்கிழமை வகுப்பு: நோயாளியிடம் கேட்கப் பழகும் இடம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்தெருவில், ஒரு கடைவீட்டு மாடியில் இந்தப் பயிற்சி நடக்கிறது. மனநல நேர்காணல் செய்வது எப்படி என்பதுதான் பாடம். மருத்துவ மாணவர்கள், ஹவுஸ்மேன்கள் (படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள்), மனநலத்துறையில் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் என்னைப் போன்ற மெடிக்கல் ஆபீசர்கள் என எல்லாரும் வரலாம். நடத்துபவர்கள் இரண்டு மனநல மருத்துவர்கள். ஒருவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் உலு கிந்தா மனநல மருத்துவமனையில் பல வருடம் இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் வந்தே இடம் நிரம்பிவிடுகிறதாம். துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒரு மனிதரிடம் கேட்கப் பழகுவதற்கு நான் பார்த்ததில் இதைவிட நல்ல இடம் இல்லை. மற்ற பாடங்களும் உண்டு, சில சுமார்தான். இந்த ஒரு பாடத்துக்காகவே காசு கொடுத்துப் போகலாம்.

வகுப்பு நடக்கும் விதம் இதுதான். நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளாக வந்து உட்காருகிறார்கள். நம்மில் ஒருவர் எதிரே அமர்ந்து பேச வேண்டும், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த முறை புதிதல்ல. ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி வைத்தது. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரானல்ட் ஹார்டன் ஓஸ்கி என்ற, அறை அறையாகப் போய்ச் செய்து காட்டும் மருத்துவத் தேர்வைக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நாம் எல்லாரும் ஓஸ்கி எழுதித்தான் தேறினோம். மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓடினோம். அறைக்குள் இருந்த 'நோயாளி'க்கு நாம் பேசியது எப்படி இருந்தது என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. இங்கே அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்பே நடித்தவர் வேஷத்தைக் கலைத்துவிட்டு, "நீங்க இதைக் கேட்டப்போ எனக்கு இப்படி இருந்துச்சு" என்று பேச ஆரம்பிக்கிறார்.

ஒரு காட்சியை முழுதாகவே எழுதுகிறேன், இந்த வகுப்பின் அருமை அதில்தான் இருக்கிறது.

நோயாளி, கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். ஐம்பதைத் தாண்டிய வயது. இடுப்பில் அடிபட்டு வேலை போய்விட்டது. இடுப்பு வலிக்கும் தூக்கம் வராததற்கும் மாத்திரை கேட்டு வந்திருக்கிறார். எதிரே உட்கார்ந்தது நான்காம் ஆண்டு மாணவர், நல்ல பையன். தூக்கம், பசி, எடை, வேலையில் ஈடுபாடு எல்லாம் வரிசையாகக் கேட்டான். கடைசியில் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "செத்துப் போகணும்னு எல்லாம் ஒண்ணும் நினைக்கலையே அங்கிள்?" என்றான். "சேச்சே, அதெல்லாம் இல்ல தம்பி" என்று பதில் வந்தது. பையன் தாளில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

ஆசிரியர் கையைத் தூக்கி நிறுத்தினார். நடித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னது இது: "தம்பி, நீங்க கேட்டப்போ உங்க முகத்துல பயம் தெரிஞ்சது. நான் ஆமான்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தோணுச்சு. சரி, பிள்ளைய ஏன் சங்கடப்படுத்தணும்னு இல்லன்னுட்டேன்."

எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் டாக்டருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைப்பவர்கள். நாம் 'இல்லை'யை எதிர்பார்த்துக் கேட்டால் 'இல்லை'யைத்தான் தருவார்கள்.

பிறகு அதே பையன், அதே நாற்காலியில், அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கினான். தாளை வாங்கி வைத்துவிட்டார்கள். முதலில் வேலை போனதைப் பற்றிக் கேட்டான், வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டான், கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "இவ்வளவு கஷ்டத்துல இருக்கிறவங்க சில பேருக்கு, பேசாம போய்ச் சேர்ந்துட்டா தேவலன்னு தோணுறது உண்டு. உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா அங்கிள்?" என்றான். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பையனும் அவசரப்படவில்லை. "பிள்ளைங்க தூங்கின அப்புறம் தோணும்" என்றார்.

அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். வாழ்க்கை வெறுத்துவிட்டதா, சாவு வந்தால் நல்லது என்ற நினைப்பா, தானே முடித்துக்கொள்ளும் எண்ணமா, எப்படி என்று யோசித்தாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா, இதுவரை எது அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த வரிசை எல்லா மாணவருக்கும் மனப்பாடம். வாய்விட்டு ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேட்பதுதான் வராது. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் டாக்டர்களிடமே இருக்கிறது. அப்படி விதைக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பலருக்கு யாரோ கேட்டார்களே என்பதே ஆறுதல். உண்மையான நோயாளியிடம் இதைத் தப்பாகக் கேட்டுவிட்டு, ஐயா மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? இங்கே முடியும்.

இந்த இடத்தில் மூத்த ஆசிரியர் ஒரு சட்ட விஷயத்தையும் சேர்த்தார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் போலீஸ் வரும், கேஸ் ஆகும் என்ற பயம் வயதானவர்களிடம் இன்னும் போகவில்லை. அதனால் உண்மையை மறைக்கிறார்கள். "இப்ப அது குற்றம் இல்லை ஐயா, பயப்படாம சொல்லுங்க" என்று நாமே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்றார். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் இப்போது இதைச் சொல்கிறேன். சொன்னதும் தோள் தளர்ந்து பேச ஆரம்பித்தவர்கள் உண்டு.

பேசி முடித்ததும் வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்பதையும் பழக்குகிறார்கள். ஸ்டேன்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை நோயாளியோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதச் சொல்கிறார்கள். மனம் இருளப்போவதற்கு என்ன அறிகுறி, தானாக என்ன செய்து தேறலாம், யாரோடு போய் உட்காரலாம், யாரைக் கூப்பிடலாம், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் நோயாளியின் சொந்த வார்த்தையிலேயே இருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555-ஐயும் அதில் எழுதிக் கொடுக்கிறோம்.

இதெல்லாம் மனநல மருத்துவர்களின் வேலை, எனக்கு எதற்கு என்று நினைக்கும் ஹவுஸ்மேன்கள் 2023 தேசிய சுகாதார ஆய்வைப் பார்க்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, ஏறத்தாழ பத்து லட்சம் பேர். 2019-ல் இது 2.3 சதவீதமாக இருந்தது. இவர்களில் பலர் முதலில் வந்து நிற்பது கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார நிலையத்தில், தலைவலி என்றும் நெஞ்சு அடைக்கிறது என்றும் சொல்லிக்கொண்டு. அங்கே இருக்கும் டாக்டருக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம், குரல்கள் கேட்கும் ஒரு கல்லூரிப் பெண், கூடவே அவளுடைய அம்மா. இதுவும் நன்றாக இருந்தது. கேள்வி மகளுக்கு, பதில் அம்மாவிடமிருந்து. கோயிலுக்கு வேண்டிக்கொண்டதையும் சாமியாடியிடம் போனதையும் அம்மா விடாமல் சொல்கிறார். அவர் மனம் நோகாமல் அவரை வெளியே உட்கார வைத்து மகளிடம் தனியாகப் பேசுவது எப்படி என்பதில்தான் முக்கால்வாசி நேரம் போனது. "அம்மா, நீங்க சொன்னது ரொம்ப முக்கியம்மா. தங்கச்சிகிட்ட பத்து நிமிஷம் தனியா பேசிட்டு உங்களை மறுபடி கூப்பிடுறேன்" என்று எங்கள் குழுவில் ஒரு பெண் சொன்னாள், அம்மாவாக நடித்தவர் எழுந்தே போய்விட்டார். குரல் ஏதாவது செய்யச் சொல்கிறதா என்ற கேள்வியை யாரும் மறக்கக் கூடாது என்று ஆசிரியர் வற்புறுத்தினார். எத்தனை நாளாக என்பதையும் கறாராகக் கேட்கச் சொன்னார். ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-க்கு ஒரு மாதம் போதும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 ஆறு மாதம் கேட்கிறது.

நடுவில் அந்த அம்மா கோபத்தில் மகளைப் பார்த்து, "இப்படியே இருந்தா உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்றார். அறையே அமைதியாகிவிட்டது. இந்த நாட்டில் வளர்ந்த நாம் எல்லாரும் சின்ன வயதில் இதைக் கேட்டிருக்கிறோம். 1911-லிருந்து அந்த ஊரில் இருக்கும் மனநல மருத்துவமனையில் வேலை செய்த மனிதர் முன்னால் அது சொல்லப்பட்டது. அவர் கோபப்படவில்லை. நோயாளியின் காதில் இது விழுந்ததும் உங்கள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களைக் கேட்டார். மகளின் பக்கம் திரும்பி, "அதைக் கேக்க உனக்கு எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்கலாம் என்று நீண்ட பேச்சுக்குப் பிறகு முடிவானது. எனக்கு அதுதான் சரி என்று பட்டது.

மதுப் பாடம் ஏமாற்றம். நடித்தவர் தள்ளாடிக்கொண்டு வந்தார், எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அதோடு நேரமும் போய்விட்டது. குடிப் பழக்கத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் பத்துக் கேள்விகளைக் காகிதமாகக் கொடுத்ததோடு சரி. சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடும்பம் அழிந்த கதை எத்தனை தோட்டங்களில் இருக்கிறது, நம் ஆட்களிடம் குடிப் பழக்கத்தைப் பற்றிக் கேட்பது எவ்வளவு நுணுக்கமான வேலை! போதையில் இருப்பவரைவிட, குடியை நிறுத்திய மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை வார்டில் கை நடுங்கி, இல்லாத பூச்சிகளைத் துரத்துபவரைத்தான் ஹவுஸ்மேன் பார்க்கப்போகிறார். அவரைப் பைத்தியம் என்று மனநலப் பிரிவுக்கு ரெஃபரல் எழுதி அனுப்பும்போது அவர் உயிருக்கே ஆபத்தான நிலையில் இருக்கலாம். திடீர்க் குழப்பம் என்றால் முதலில் உடம்பைப் பார், சர்க்கரையைப் பார், தயமின் (வைட்டமின் பி1) கொடு என்பதை ஒரு காட்சியாக வைத்தே ஆக வேண்டும். கருத்துத் தாளில் இதை விரிவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

2001 மனநலச் சட்டத்தைப் பற்றியும் போதாது. விருப்பமில்லாத நோயாளியை அனுமதிக்கும்போது குடும்பத்தாரிடம் என்ன பேசுவது, நோயாளியிடம் அவருடைய உரிமையை எப்படிச் சொல்வது என்பதை வாயால் பழகினால்தான் வரும். ஒரு ஸ்லைடில் முடித்துவிட்டார்கள்.

கட்டணம் 180 வெள்ளி (ரிங்கிட்), மாணவர்களுக்குப் பாதி. மாணவர்களுக்கு அது நியாயம், எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் கொடுத்தது வருத்தமில்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை. காரில் போகாதீர்கள், அந்தத் தெருவில் பார்க்கிங் கிடைக்காது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். வழியில் பசியாறிவிட்டுப் போங்கள், இடைவேளையில் தண்ணீரும் பிஸ்கட்டும் மட்டும்தான். ஏர்கான் சத்தத்தில் பின்வரிசைக்கு மெல்லிய குரல் கேட்காது. மெல்லிய குரலில்தான் முக்கியமானதெல்லாம் சொல்லப்படுகிறது, முன்னால் உட்காருங்கள்.

ஒரு தடவையாவது வார்டில் நோயாளியைக் கிளார்க் செய்திருந்தால், அதாவது நோய் வரலாறு கேட்டு எழுதியிருந்தால், இங்கே கிடைப்பது அதிகம். முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் காத்திருப்பது நல்லது. மூன்று மொழியிலும் நடிக்க ஆள் இருக்கிறார்கள், தமிழில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்து, தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்தோடு பேசுவதைப் பாடமாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.