மதுரை வெயிலுக்கு எந்தப் பூனை? பாரசீகம், சயாமீஸ், நாட்டுப் பூனை: ஓர் ஒப்பீடு

பூனைக்குட்டி வாங்குவதென்று வீட்டில் முடிவானதும் பேச்சு முகத்தையும் ரோமத்தையும் சுற்றியே நடக்கிறது. மதுரைக் குடும்பம் ஒன்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள்: சித்திரை, வைகாசி வெயிலை அந்தப் பூனை எப்படித் தாங்கும்? பகல் முழுவதும் வீட்டில் யார் இருப்பார்கள்?

விற்பனையில் முன்னால் நிற்பது பாரசீகப் பூனை. கடைக்காரர்கள் அதை ‘டால் ஃபேஸ்’, ‘செமி பஞ்ச்’, ‘பஞ்ச் ஃபேஸ்’ என்று பிரித்து, மூக்கு உள்ளே போகப் போக விலையை ஏற்றுகிறார்கள்; தொல்லையும் அதே வரிசையில்தான் ஏறுகிறது. பூனைக்கு வியர்வை பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே சுரப்பதால், வெப்பம் மிகும்போது ரோமத்தை நக்கி ஈரமாக்கியும், அதுவும் போதாதபோது வாய் திறந்து மூச்சிரைத்தும்தான் அது உடலைத் தணித்துக்கொள்கிறது. சப்பை முகத்தில் அந்த மூச்சுவழியே குறுகிவிடுவதால், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில், கத்திரி வெயில் நாளின் பிற்பகலில், குளிர்சாதனம் இல்லாமல் அதை வைத்திருப்பது அதற்கு உண்மையான ஆபத்து.

அடுத்தது சீப்பு. முதுகை யார் வேண்டுமானாலும் சீவிவிடலாம். சிக்கு விழுவது முன்னங்காலின் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் அடிவயிற்றிலும். சில நாள் கவனிக்காமல் விட்டால் அங்கே ரோமம் கம்பளித் துண்டுபோலத் திரண்டு, பூனை நடக்கும்போதெல்லாம் தோலை இழுக்கும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டப் போய்த் தோலையே வெட்டிவிடுவதும் நடப்பதுண்டு. கண்ணீர் வழிந்து மூக்கோரம் பழுப்பேறுவதால் நாள்தோறும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். குளிப்பாட்டினால் அடிரோமம் வரை உலர்த்த வேண்டும். இவ்வகைப் பூனைகளில் பூஞ்சைத் தொற்று அதிகம் காணப்படுகிறது. அது குழந்தைகளுக்குப் படர்தாமரையாகத் தொற்றும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயும் இவ்வினத்தில் உண்டு. தாய், தந்தை இருவரில் ஒன்றுக்கு அந்த மரபணு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதி வாய்ப்பு என்பதால், பெற்றோருக்கு மரபணுச் சோதனையோ ஸ்கேனோ எடுத்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்பது முறை. ரோமம் மிக அடர்த்தி என்ற பொருளில் ‘டிரிபிள் கோட்’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள். இதன் குணத்தில் எனக்குக் குறையில்லை. அதிகம் கத்தாது, அலமாரி மேல் தாவாது, பெரியவர்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் அமைதியாக அடங்கி இருக்கும்.

சயாமீஸ் இதற்கு நேர் எதிர். குட்டை ரோமம் என்பதால் வெயில் அதற்கு அவ்வளவு சுமையல்ல. வாரம் ஒருமுறை சீவினால் போதும். அதன் சிக்கல் தனிமைதான். ஆள் பின்னாலேயே சுற்றி, உரத்த குரலில் விடாமல் பேசும் இந்தப் பூனை, கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. தாத்தா, பாட்டி, பள்ளிப் பிள்ளைகள் என்று ஆள் நடமாட்டமுள்ள கூட்டுக் குடும்பத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதன் கருமை நிறத்தை உண்டாக்கும் நொதி உடலின் குளிர்ந்த பகுதிகளில்தான் வேலை செய்யும் என்பதால், காது, முகம், கால், வால் மட்டும் கறுத்திருக்கும். கொடைக்கானலில் வளர்வதைவிட மதுரையில் வளர்வது வெளிறி இருந்தால் விற்றவர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பனி விழும் மெய்ன் மாநிலத்தில் உருவான மெய்ன் கூன் இனத்தையும், காட்டில் வாழும் சிறுத்தைப்பூனையின் கலப்பில் வந்த, ஓயாமல் ஓடியாடும் பெங்கால் இனத்தையும் முதன்முறை வளர்ப்பவர்கள் இந்த ஊரில் தவிர்ப்பதே நல்லது.

நாட்டுப் பூனையைப் பற்றிய பெரிய குறை, அது ஆளோடு ஒட்டாது என்பது. அந்தக் குறை இனத்தினுடையதன்று. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டி மடியில் வந்து படுக்கும். அந்தக் காலத்தைச் சந்தில் ஒளிந்தே கழித்த குட்டி பெரும்பாலும் ஆளைக் கண்டு மிரளும். ஆகவே தெரிந்தவர் வீட்டில் பிறந்து, பிள்ளைகள் தூக்கி விளையாடிய குட்டியாகப் பார்த்து எடுப்பதுதான் சூட்சுமம். இந்த வெயிலுக்குப் பழகிய உடலும், பராமரிப்பே வேண்டாத ரோமமும், குறுகிய வட்டத்துக்குள் இணை சேர்க்காததால் பரம்பரை நோய் குறைந்த இரத்தமும் அதன் பலம். வெளியே சுற்றுவது அதன் பலவீனம். மாசி வீதிகளை ஒட்டிய பழைய குடியிருப்புகளில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்பதால் மாடி வழியாகவே பல வீடு தாண்டிப் போய்விடும். கடுவனாக இருந்தால் சண்டையும் காயமும் சேரும். ஆறாம் மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட்டால் இந்த அலைச்சல் பெரிதும் அடங்கும். இன்னொன்று, தயிர்சாதத்திலேயே வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்றதால்தான் அது பிழைத்தது; வீட்டுக்குள் அடைத்தபின் இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும்.

ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த மூன்றில் எதுவும் பாதுகாப்பானதன்று. ஒவ்வாமை தரும் புரதம் எச்சிலிலும் தோலிலும் சுரப்பது, ரோமத்தின் நீளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அத்தகையவர் பூனை வளர்க்கும் உறவினர் வீட்டில் சில மணி நேரம் இருந்து பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

என் தேர்வு, பெரும்பாலான மதுரைக் குடும்பங்களுக்குக் கைபட்டு வளர்ந்த நாட்டுக் குட்டிதான். வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, சத்தமும் பழகிவிடும் என்றால் சயாமீஸ். பாரசீகம்தான் வேண்டுமென்றால் ‘டால் ஃபேஸ்’ குட்டியாகப் பார்த்து, தினமும் சீப்பெடுப்பது யார் என்பதையும் கோடை மின்கட்டணத்தையும் முதலில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.