போர்ட் லூயிஸில் ஒரு பழைய வரைபடக் கடை

மொரீசியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில், துறைமுகத்தை ஒட்டிய தெருவொன்றில் பழைய அச்சுப்படங்களும் கடல் வரைபடங்களும் விற்கும் சிறு கடை உள்ளது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். இந்து மாக்கடல் தீவுகளின் வரைபடங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் அவசியம் போய்ப் பார்க்கலாம். ஆனால் விலைச்சீட்டை மட்டும் நம்பி எதையும் வாங்கிவிடக் கூடாது.

இருக்கும் சரக்கில் முதலிடம் பிரெஞ்சுத் தாள்களுக்கே. பிரெஞ்சு வரைபடக் கலைஞர் பெல்லேன் 1764-இல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட கடல் வரைபட ஏட்டிலிருந்து பிரிந்து வந்த மொரீசியஸ் தாள் ஒன்றைக் காட்டினார்கள்; அந்நாளில் நம் தீவின் பெயர் இல் தெ ஃபிரான்ஸ். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், படத்தைச் சுற்றிலும் செப்புத்தகடு அழுந்திய தடம் தெரிகிறது; லென்ஸ் வழியே கோடுகள் முறியாமல் ஓடுகின்றன. பக்கத்திலேயே இருந்த மறு அச்சில் அதே கோடுகள் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறிவிடுகின்றன. இரண்டின் சீட்டிலும் ‘18-ஆம் நூற்றாண்டு’ என்றே எழுதியிருக்கிறார்கள். வரைபடத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் பணம் கொடுப்பது தாளுக்கும் சேர்த்துத்தானே! கேட்டால் கடைக்காரர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். பெல்லேன் பாரிஸில் கடற்படை வரைபடக் காப்பகத்தில் அமர்ந்து மாலுமிகளின் குறிப்புகளைத் தொகுத்தவர் என்பதையும், தீவை நேரில் அளந்தவர் நன்னம்பிக்கை முனையிலிருந்து 1753-இல் இங்கு வந்த வானியலாளர் லகாய் என்பதையும் அவரே பொறுமையாக விளக்கினார்.

கான்டினோ வரைபடம் எனப்படும் 1502-ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசிய உலகப் படத்தின் மறு அச்சை வாங்க வேண்டாம். டச்சுக்காரர்கள் 1598-இல் கரையிறங்கி இளவரசர் மொரிட்ஸின் பெயரைச் சூட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மொரீசியஸ், ரியூனியன், ரொட்ரிக்ஸ் ஆகிய மஸ்கரேன் தீவுகள் மூன்றும் ‘தினா’ என்று தொடங்கும் அரபு வழிப் பெயர்களோடு, இடம் பிசகி, அதில் இடம்பெற்றுள்ளன. அந்தப் பெயர்களுக்காகத்தான் நம்மவர்கள் அதைத் தேடுகிறோம். படத்தைச் சுருக்கிய சுருக்கில் அவற்றைப் படிக்கவே முடியவில்லை.

ஆங்கிலேயக் கடலோடி ஃபிளிண்டர்ஸின் ஆஸ்திரேலிய வரைபடத்தின் மறு அச்சு, மாறாக, தெளிவாகவும் பெரிதாகவும் இருக்கிறது. அக்கண்டத்தின் கரையைச் சுற்றி அளந்த அவர், ஒழுகும் கப்பலோடு 1803 டிசம்பரில் நம் தீவின் தென்கரையில் பே து காப் பக்கம் ஒதுங்கியபோது பிரெஞ்சு ஆளுநர் தெகானால் தடுத்துவைக்கப்பட்டு, 1810 வரை இங்கேயே இருக்க நேர்ந்தது. 1804-இல் இங்கிருந்தே அவர் வரைந்து அனுப்பிய முழு வரைபடம் 1814-இல்தான் லண்டனில் அச்சேறியது. அதற்குள் 1811-இல் பிரெஞ்சுக்காரர் ஃபிரேசினே தம்முடைய ஆஸ்திரேலிய வரைபடத்தை வெளியிட்டுவிட்டார். நம் மண்ணில் வரையப்பட்ட அந்தப் படத்தைக் கடையில் ‘ஆஸ்திரேலியா’ என்று எழுதிய அடுக்கின் அடியில் போட்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நகர அமைப்புப் படங்கள் அறவே இல்லை. பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்கள் கட்டியெழுப்பிய போர்ட் லூயிஸின் பழைய தெருக்களைத் தேடிப் போகும் தமிழர்கள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஓரங்களை வெட்டி, அட்டையில் பசைபோட்டு ஒட்டிவிடுகிறார்கள். அசல் தாளின் தகட்டுத் தடமும் அந்த வெட்டில் போய்விடும். குழாயில் சுருட்டி வாங்கி, பசையில்லாமல் சட்டமிடத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.